மேஜைக்கால்களுக்கு அடியில் கல்

ஓய்வு பெற்றால் மதியத்தில் ஒரு தூக்கம் போடலாம் என்று வேலையில் இருந்த காலமெல்லாம் நினைத்திருந்தேன். அந்தத் தூக்கம் இன்னும் வந்து சேரவில்லை. மேற்கே வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், கை தானாக வண்டிச் சாவியைத் தேடும். "ஆத்தைப் பாக்கறதுக்கு இன்னும் சம்பளம் குடுக்கறாங்களா அம்மிணி?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அதற்குள் வண்டியைக் கிளப்பியிருப்பேன். பாலம் வரை போய் நொய்யலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காபி உள்ளே இறங்கும்.

வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கடன் கேட்பவர் வாங்க நினைக்கும் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது வேண்டாம் என்று எழுதுவது என் பொறுப்பு. சிவில் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தேன். என் வீட்டுச் சமையலறையில் நின்றதைவிட அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்றதுதான் அதிகம் என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யில்லை.

இந்தக் கோடையில், என் இடத்துக்கு வந்திருக்கும் நந்தினி போன் செய்தாள். இப்போது எல்லாம் மொபைல் ஆப்பில்தான். வீட்டின் முன்னால் நின்று நாலு போட்டோ எடுத்தால், ஆற்றுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"மேடம், ஆத்தோரமா ஒரு வீடு வந்திருக்குங்க. ஆப்பு பரவால்லங்குதுங்க. ஆனா பழைய ஃபைல்ல நீங்க வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

தெருப் பெயரைச் சொன்னாள். எனக்குக் கதவு எண்கூடத் தேவைப்படவில்லை. "விக்கறது யாரு கண்ணு?" என்று கேட்டேன்.

"செல்வராணின்னு ஒரு அம்மாங்க."

அந்தப் பெயரைக் கேட்டபின் அன்றைக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பொன்னுசாமி சாரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொன்னுசாமி சார் என் மேலதிகாரி. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முகத்தைச் சுளிக்க மாட்டார், விற்கிறவர் எவ்வளவு புளுகினாலும் "அப்படீங்களா, சரீங்க, சரீங்க" என்று தலையாட்டுவார். பார்க்கிறவர்கள் இவரை ஏமாற்றுவது சுலபம் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆற்றோரத்து வீடு என்றால் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்த மாட்டார். முதலில் ஆற்றுக்குப் போவார். அங்கிருந்து வீடு வரை மெதுவாக நடந்து வருவார், எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்று காலாலேயே பார்த்துக்கொண்டு. உள்ளே வந்ததும், "ஏனுங்க, ஒரு சொம்பு தண்ணி கெடைக்குங்களா?" என்பார். அவர்கள் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக் கீல்களைப் பார்ப்பார். மேல் கீல் பளபளப்பாக இருந்து, கீழ்க் கீல் மட்டும் துருவேறி இருந்தால் அந்தக் கதவு ஒருநாள் தண்ணீரில் நின்றிருக்கிறது. கதவின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். ஊறிப் பெருத்த கதவை ஆசாரி இழைத்திருந்தால் விரலுக்குத் தெரியும். சுவரைப் புறங்கையால் தொட்டு, கீழே ஒரு இடம், மேலே ஒரு இடம் என்று குளிர்ச்சியை ஒப்பிடுவார். இத்தனையும் முடிந்தபின் தண்ணீரைக் குடித்து, "ரொம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வருவார்.

வெளியே வந்ததும் என்னிடம், "இப்பப் பக்கத்து ஊட்டுக்குப் போயி, கிரைண்டரை எங்க வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க அம்மிணி" என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பக்கத்து வீட்டுக் கிரைண்டருக்கும் நமக்கும் என்ன? தண்ணீருக்குப் பயந்து மேடை கட்டி இடுப்பு உயரத்தில் கிரைண்டரை ஏற்றி வைத்திருந்த தெருக்களை நாலைந்து பார்த்த பிறகுதான் எரிச்சல் அடங்கியது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வேண்டாம் என்று எழுதிவிட்டால், கேட்டவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். "ஆபீஸ்ல இருந்து கடுதாசி போச்சுன்னா நம்ம மேல கோவப்பட்டுட்டுப் போயி அதே ஊட்டை வாங்கீருவாங்க. நேர்ல போனா, கோவப்பட்டாலும் காதுல நாலு வார்த்தை விழுகும்ல" என்பார். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் ஆபீசில் இதை நான் ஒருத்திதான் விடாமல் செய்தேன். திட்டு வாங்கியதும் நான் ஒருத்திதான்.

செல்வராணியும் அவள் வீட்டுக்காரர் இசக்கியும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான புதிதில் திருப்பூருக்கு வந்தவர்கள். அவருக்கு நிட்டிங் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் டெய்லர். மகள் பிறந்தபின் கம்பெனிக்குப் போகாமல், வீட்டிலேயே இரண்டு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்தாள். பவர் டேபிள் என்றால் கம்பெனிகளில் ஓடும் தையல் மிஷின். அதன் மோட்டார் மேஜைக்கு அடியில் முழங்கால் உயரத்தில் தொங்கும். ஓடினால் மாடி வீட்டுக்கும் கேட்கும். அதுதான் அவர்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. குடிபோன இடமெல்லாம் வீட்டுக்காரம்மாக்களுக்குத் தலைவலி வந்தது. மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக மாறி அலுத்துப்போன பிறகுதான் சொந்த வீடு தேட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் பிடித்த வீடு நொய்யலுக்கு மிக அருகில். நான் பார்க்கப் போனது கடுங்கோடை. ஆறு என்ற பெயரில் சாம்பல் நிறத்தில் ஒரு ஓடை, கரையெங்கும் பிளாஸ்டிக்கும் பனியன் கம்பெனிகளின் துணிக் கழிவும். இளம்பச்சை பெயின்ட் அடித்து வீடு அழகாகத்தான் இருந்தது. முன்னறையில் இரண்டு மேஜையும் தாராளமாகப் போடலாம்.

நான் போனபோது செல்வராணி கொல்லைப்புறத்தில் ஒரு வெள்ளை பனியன் துணியைக் கொடியில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சாயத் தண்ணீர் ஓடிய ஆறு இது. கரையோரத்துப் போர் தண்ணீரில் சிவப்பும் நீலமும் வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். சாயக் கழிவை ஆற்றில் விடக் கூடாது என்று ஆன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால் இங்கே வீடு வாங்குகிறவர்கள் வெள்ளைத் துணியைப் போர் தண்ணீரில் நனைத்துக் காயப் போடுவார்கள். கறை பிடிக்கவில்லை என்றால் வீடு நல்ல வீடு. ஆற்றை நிறத்தை வைத்தே அளந்து பழகியவர்கள். அதற்கு உயரம் என்று ஒன்று உண்டு என்பது ஒருவருக்கும் தோன்றாது.

"பாத்தீங்களா மேடம், ஒரு பொட்டுக் கறை இல்ல" என்று துணியை என் முன்னால் விரித்துக் காட்டினாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம். அதற்குள் நான் கதவைப் பார்த்து முடித்திருந்தேன். கீழ்க் கீல் மட்டும் துரு. கதவின் அடி இழைத்திருந்தது.

பக்கத்து வீட்டிலும் பவர் டேபிள் ஓடியது. எட்டிப் பார்த்தேன். மேஜையின் நாலு காலுக்கு அடியிலும் ஹாலோ பிளாக் கல் வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, எதுக்குங்க கல்லு?" என்று கேட்டேன்.

தைத்துக்கொண்டிருந்த அம்மாள் எனக்குப் பின்னால் வந்து நின்ற, வீட்டை விற்கிறவரை ஒரு பார்வை பார்த்தார். "ஒசரத்துக்குங்க. முதுகு வலிக்குதுன்னு" என்றார், உடனே மிஷினை மிதித்துவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலும் கல் மேல்தான் இருந்தது. மேஜையும் ஏறி ஸ்டூலும் ஏறினால் முதுகுக்கு என்ன லாபம்? தரையிலிருந்து ஏறிய மோட்டாருக்குத்தான் லாபம். தெருவில் மேலும் இரண்டு வீடுகளில் பார்த்தேன், அங்கேயும் கல். வேண்டாம் என்று எழுதினேன்.

அதைச் சொல்ல அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் போனபோது, செல்வராணி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். கீலையும் கல்லையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"என்ன மேடம் சொல்லுதீங்க? அது செத்த ஆறுல்லா! செத்தது எந்திரிச்சா வரும்?"

"வருமுங்க. இங்க மழை பெய்யோணும்னு இல்ல. மேக்க மலையில பேஞ்சா போதும், வந்துரும்."

"எங்களுக்கு மிஷினை வைக்க ஒரு எடம் வேணும் மேடம். யாரும் வந்து கதவைத் தட்டாத எடம். அது உங்களுக்குப் புரியல." சிரிப்பு போய்க் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருங்க. வாய வச்சிட்டுப் போறீங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். இசக்கி மட்டும் பின்னாலேயே வந்து, "மனசுல வச்சிக்கிடாதீங்க மேடம்" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

வேறொரு இடத்தில் கடன் வாங்கி அதே வீட்டை வாங்கினார்கள். பால் காய்ச்சுவதற்கு ஆபீசுக்கே வந்து எனக்குப் பத்திரிகை வைத்தாள் செல்வராணி. குத்திக் காட்டத்தான் வந்தாள் என்று தெரிந்தும் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. பட்டப்பகலில் மிஷின் இரண்டும் சத்தம் போட்டு ஓடின. "நல்லாக் கேக்கட்டும்!" என்று அவள் சொன்னபோது வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு வருஷக்கணக்காக ஆறு வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டால், "என்ன மேடம், உங்க ஆறு எங்கன வந்துக்கிட்டிருக்கு? சூலூர் தாண்டிருச்சா?" என்பாள். ஆபீசிலும் என்னைப் பார்த்து, "மேடம் குடை கொண்டு வந்திருக்காங்க, இன்னைக்கு வெள்ளம்தான்" என்று கிண்டல் நடந்தது. மழைக்காலம் வந்தால் நான் பாலத்துக்குப் போவேன். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போவேன். வராமல் திரும்பும்போது, நாம்தான் தப்பாகப் பார்த்தோமா, ஒரு குடும்பத்தின் ஆசையை அனாவசியமாகக் கெடுத்தோமா என்று மனசு அரிக்கும். எந்தப் பக்கம் நின்றாலும் நிம்மதி இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் ஒரு ஐப்பசி. திருப்பூரில் நல்ல வெயில், தெருவெல்லாம் துணி காய்ந்தது. கோயமுத்தூருக்கு மேற்கே விடாமல் மழை என்று செய்தியில் சொன்னார்கள். காலையில் பாலத்துக்குப் போனேன். ஆறு பழுப்பு நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, குப்பையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு வந்தது. பாலத்தில் நின்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியைத் திருப்பினேன்.

செல்வராணி தைத்துக்கொண்டிருந்தாள். இசக்கி ஷிப்டில் இருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். "தண்ணி வருதுங்க, எந்திரிங்க" என்றேன். வெளியே வெயிலைக் கை காட்டிச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கொல்லைப்புறத்துச் சாக்கடை வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. ஆறு வாசல் வழியாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதலில் அது கொல்லை வழியாகத்தான் வரும்.

அவள் முதலில் தூக்கியது நகையை அல்ல, கம்பெனி பண்டல்களை. தைத்து முடித்த டீ சர்ட்டுகள், மறுநாள் டெலிவரி. கட்டுக் கட்டாக எடுத்துப் பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏற்றினோம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளோடு ஓடினேன். கடைசியாக மேஜையைத் தூக்கப் பார்த்தோம். இரும்புக் கால், மிஷின், மோட்டார் எல்லாம் சேர்ந்து இரண்டு பெண்களால் அசைக்கக்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் கல் மேல் இருந்ததால் முதல் வேகத்துக்குத் தப்பியது, அவர்கள் கழற்றி எடுத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. செல்வராணியின் மோட்டார் இரண்டும் எங்கள் கண் முன்னாலேயே முங்கின.

மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கே வாய வச்சீங்கல்லா மேடம். பலிச்சிருச்சு. சந்தோசமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷக் கிண்டலும் அன்றோடு நின்றது. ஆனால் அந்தக் கிண்டலே எனக்குத் தேவலை என்று இருந்தது.

அந்த செல்வராணிதான் இப்போது விற்கிறாள். நந்தினி பேசிய அன்று சாயங்காலமே அவளும் போன் செய்தாள். இந்தத் தடவை மேடம் என்று கூப்பிடவில்லை.

"அக்கா, உங்ககிட்ட கேப்பாங்கன்னு தெரியும். ஒண்ணும் சொல்லிராதீங்க. மழைன்னாலே எனக்குத் தையல் நேரா விழ மாட்டேங்குது. எங்களுக்கும் யாரும் சொல்லாமத்தான வித்தாங்க?"

"நாஞ் சொன்னனேங்க செல்வராணி."

"நீங்க சொன்னீங்க. வித்தவங்க சொல்லலல்லா? நானும் வித்துட்டு எங்கயாவது மேட்டுல போய்க் கெடக்கேன்."

அவளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு சொத்து இல்லை. உண்மை தெரிந்தால் அதை வாங்க ஆள் இல்லை. தெரியாமல் வாங்குகிறவர்கள் இன்னொரு செல்வராணியும் இசக்கியும்தான். போனை வைத்துவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் நந்தினியோடு நானும் போனேன். வீட்டுக்குப் புது பெயின்ட், இந்தத் தடவை வெளிர் மஞ்சள். வாங்க வந்தவர்கள் விருதுநகர்ப் பக்கத்துச் சின்னஞ்சிறு ஜோடி. அந்தப் பெண்ணுக்குக் கையில் குழந்தை. பேச்சிலேயே டெய்லர் என்று தெரிந்தது, முன்னறைக்குள் வந்ததும் ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்றுதான் பார்த்தாள். நந்தினி போட்டோ எடுத்தாள். நான் கதவருகில் நின்றேன். கீல்கள் மேலும் கீழும் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. செல்வராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளை பனியன் துணியை எடுத்தாள். கொல்லைக்குப் போய்ப் போர் தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடியில் விரித்தாள். கோடை வெயில், பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டது. ஓடிப் போய் எடுத்துப் பார்த்தாள்.

"யக்கா, பால் மாதிரி இருக்கு!" என்று துணியைச் செல்வராணியின் முன்னால் விரித்தாள். "தண்ணி சுத்தம். மிஷினை இந்த ஜன்னலோரமா போட்டுக்கிருவேன்."

நான் வாயைத் திறந்தேன். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். ஆனால் அதற்குள் செல்வராணி துணியை வாங்கி மடித்துக்கொண்டே பேசிவிட்டாள்.

"தண்ணி வெள்ளையாத்தான் பிள்ள இருக்கும். மிஷினை மட்டும் கல்லு மேல ஏத்தி வை."

சொன்னபின்தான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. துணியை மடித்த கை நின்றுவிட்டது.

"எதுக்குக்கா கல்லு?" என்றாள் அந்தப் பெண்.

ஒசரத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரு காலத்தில் பக்கத்து வீட்டில் எனக்குச் சொன்ன பதில்தான். செல்வராணி குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பிறகு சுவரில் தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்தாள்.

"இவ்வளவு வந்துச்சு."

புருஷன் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். வாசல் வரை போன அந்தப் பெண் திரும்பி வந்து, செல்வராணியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். திரும்பி வர மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நந்தினி எதையும் எழுதாமல் போனைப் பைக்குள் வைத்தாள்.

செல்வராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானே சொல்லிட்டேன் பாத்தீங்களாக்கா. கிறுக்கச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, "மேக்க மழைன்னா எனக்கு ஒரு போன் போடுங்கக்கா" என்றாள்.

வீடு விற்கவில்லை. இனி விற்குமா என்று எனக்குத் தெரியாது. போன வாரம் சாயங்காலம் மேற்கே கருக்கல் கட்டி மின்னியது. சாவியை எடுத்தவள், வைத்துவிட்டு முதலில் போனைப் போட்டேன். முதல் ரிங் முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"பாத்துட்டேன்க்கா" என்றாள். "மிஷினைக் கல்லு மேல ஏத்தியாச்சு. நீங்க வாங்க, மகளும் அவரும் பண்டலைப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டு போயிட்டிருக்காங்க."

நான் வண்டியை எடுத்தேன். பாலத்தில் நிற்கவில்லை, நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.